நெல்லை வழக்கறிஞர் ஒருவர் உச்சநீதிமன்றம் ஏறிய வரலாறு



நீதிமன்றம் என்றவுடன் எம். புதுப்பட்டி மக்கள் நினைவுக்கு வருவன சிவகாசியும் திருவில்லிபுத்தூருமே. தில்லி நெடுந்தொலைவு. ஆயினும் அங்கே எழுதப்பெற்ற தீர்ப்பொன்று இவ்வூர் எளியோர்க்கும் காவலாய் நிற்கின்றது. அதனை எழுதியவர் நீதியரசர் எஸ். இரத்தினவேல் பாண்டியன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில் 1929-ஆம் ஆண்டு பிறந்த அவர், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1954-இல் வழக்கறிஞராகப் பதிவுபெற்று, திருநெல்வேலியில் தொழில் நடத்தினார். பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரானார். 1974-இல் அங்கேயே நீதிபதியானார். 1988 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சென்றார்.

அரியானா அரசுக்கும் பஜன்லாலுக்கும் இடையிலான வழக்கில் 1990 நவம்பரில் அவர் தீர்ப்பெழுதினார். பிடியாணையின்றிக் கைதுசெய்தற்குரிய குற்றம் நடந்ததெனப் புகார் காட்டுமாயின், காவல் அதிகாரி அதனைப் பதிவுசெய்தே ஆகவேண்டும். புகார் நம்பத்தக்கதா என்று முதலிலேயே எடைபோட்டுத் திருப்பியனுப்புதல் கூடாது என்றார். வெடிவிபத்தில் மகனை இழந்த தாய் நிலையத்துக்குச் செல்லும்போது, அவளுக்குத் துணை நிற்பது இவ்விதியே. எனினும் மறுபக்கத்தையும் அவர் மறந்திலர். பகைமையாற் புனையப்பட்ட வழக்குகள் முதலிய ஏழு வகையினவற்றை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்றும் வரையறுத்தார். முறையிடுவோர்க்கும் பழிசுமத்தப்பட்டோர்க்கும் ஒருசேரக் காப்பளித்த தீர்ப்பு அது. 2013-இல் ஈரோட்டுப் பகுதியின் காடப்பநல்லூரிற் பிறந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம், லலிதா குமாரி வழக்கில் அப்பதிவுக் கடமையை ஐவர் அமர்வின் வாயிலாக மேலும் உறுதிசெய்தார்.

அவர் தீர்ப்புகளனைத்தையும் எல்லாரும் ஏற்றனர் என்பதற்கில்லை. பணி ஓய்வுக்கு முன்னாள், 1994 மார்ச் 11 அன்று, தடாச் சட்டம் பற்றிய கர்த்தார் சிங் வழக்கில் அச்சட்டத்தைப் பெரும்பாலும் செல்லத்தக்கதென்றார். காவல்துறை உயரதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளும் பிரிவும் அதனுள் அடங்கும். அமர்வின் நீதிபதிகள் இருவர் அப்பிரிவை ஏற்கவில்லை. அச்சுறுத்தலற்ற சூழலில், கூறுவோர் பேசும் மொழியிலேயே வாக்குமூலம் பதிவாகவேண்டுமென அவரும் கட்டுப்பாடுகள் விதித்தார். அவை போதுமா என்னும் வினா இன்றும் எஞ்சுகிறது.

ஓய்வுக்குப் பின் ஐந்தாவது ஊதியக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2018-இல் மறைந்தார்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதனை நூலிற் கற்பது எளிது. எதிரெதிரே நிற்கும் இருவர்க்கும் ஒரே ஏட்டில் நீதி எழுதுவது அரிது. கல்விக்குச் செலவிடும் நம் குடும்பங்கள், மருத்துவத்தையும் பொறியியலையும் போலச் சட்டத்தையும் பிள்ளைகள் முன் வைத்தல் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்திற் பழகிய சட்ட அறிவு நாட்டின் உச்சமன்றம் வரை செல்லும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.