அரிசி மூட்டை போதும், சம்பளச் சீட்டு கொடுங்கள்



தீபாவளி வந்தால் நம் சங்கங்களுக்கு ஓகேயு பிள்ளைகள், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், ஞாபகம் வந்துவிடும். அஞ்சு கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், பக்கத்தில் நின்று ஒரு படம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று கேட்ட சங்கத்தைக் காட்டுங்கள், நானே மாலை போடுகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். காலை விந்தி நடந்தவரையும் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுப்பில், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பால் மங்கு கழுவ, ஒட்டுப்பால் பொறுக்க, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்க ஏதோ ஒரு வேலை இருந்தது. துரைமார் கருணை என்று நினைத்துவிடாதீர்கள், மலிவாகக் கை கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்தை விட்டு ஈப்போ அடுக்குமாடிக்கு வந்த குடும்பம், ஓகேயு பிள்ளையை நாலாவது மாடியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று ஓகேயுவுக்கு என்று 1988-லேயே சுற்றறிக்கை போட்டார்கள்; அந்த ஒன்று இன்னும் எட்டவில்லை. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வேலையில் சம உரிமை என்கிறது. மறுக்கும் முதலாளிக்கு ஒரு ரிங்கிட் அபராதம்கூட எழுதி வைக்கவில்லை. 41-ஆம் பிரிவோ, அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி கதவைச் சாத்துகிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு, கேட்கும் வாயை அடைப்பது என்ன நியாயம்?

புத்ராஜெயா அரசாங்கத்தைத் திட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போக நான் வரவில்லை. நம் முதலாளிமார்களைக் கேட்கிறேன். ஓகேயுவை வேலைக்கு வைத்தால் அவர் சம்பளத்தை வருமான வரியில் இரண்டு மடங்காகக் கழிக்கலாம், 1982-லிருந்து விதி இருக்கிறது. எத்தனை பேர் கணக்கரிடம் கேட்டீர்கள்? செம்பனைக் குத்தகை எடுப்பவர்களே, லோரி ஓட்டுபவர்களே, தொழிலாளிக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டாமல் கையில் காசு கொடுப்பவர் நம்மில் இல்லையா? வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் மோதிக் கால் போனாலும் சொக்சோ உண்டு. 2007 முதல் மறுபடி வேலைக்கு அனுப்பும் திட்டமும் உண்டு. அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரியோடும் முதலாளியோடும் பேசி, பழைய வேலை முடியாவிட்டால் வேறு வேலைக்கு வழி பார்ப்பார். சந்தா கட்டாத இடத்தில் வேலை செய்தவன் இதற்கெல்லாம் எங்கே போய் முட்டுவான்? மாதம் சில ரிங்கிட் மிச்சம் பிடித்தவர், ஒருவன் ஆயுசில் பாதியைத் தின்றுவிட்டார். அவரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்!

வேலை கிடைப்பதைவிட நிலைப்பதுதான் பாடு. முதல் சில வாரத்தில்தான் ஆள் வேலையை விட்டு நின்றுவிடுகிறான். ஜப்பானியர் உதவியோடு சமூகநல இலாகா கொண்டுவந்த ஜாப் கோச் முறை அதற்குத்தான். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கி, பிறகு மெல்ல விலகிக்கொள்வார். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மனவளர்ச்சி குன்றிய தம்பியிடம் ‘எல்லாத்தையும் சுத்தம் பண்ணு’ என்றால் திகைத்து நிற்பான். இலையை மடி, வாளியில் போடு, மேசையைத் துடை, தம்ளரை வை என்று நாலு படம் சுவரில் ஒட்டுங்கள். கொஞ்ச நாளில் படத்தைத் திரும்பியே பார்க்க மாட்டான். காது கேளாத பெண்ணுக்கு ஆர்டரைச் சீட்டில் எழுதி நீட்டினால் போதும். வேலைக்கு வர வழியும் வேண்டுமே. ஈப்போ பழைய கடைவரிசையில் கடைமுன் ஐந்தடிப் பாதை கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது. சக்கர நாற்காலி எப்படிப் போகும்? ஒரு சிமெண்டுச் சரிவு போட உங்கள் தண்ணீர்ப்பந்தல் செலவில் பாதி ஆகுமா?

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். அங்கே அரிசி மூட்டை வாங்க மாட்டோம். உங்கள் கடையில், பட்டறையில், ஆபீசில் இருக்கும் ஒரு வேலையை எழுதுங்கள். என்ன நேரம் என்று எழுதுங்கள். சட்டப்படியான 1,700 ரிங்கிட்டுக்குக் குறையாமல் சம்பளத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் செயலாளர் வேலைக்கு ஆளோடு உங்கள் கடைக்கு வருவார்.