கம்பிமேல் ஒரு மெல்லிய காப்பு

கோவையிலிருந்து வடமேற்கே செல்லும் மலைப்பாதை ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைகின்றது. அங்கும் தமிழ் பேசும் உழவர் பலர் வாழ்கின்றனர். எல்லை மாறினும் அவர்தம் கிணற்று மோட்டாருக்கு ஊர் பெரும்பாலும் கோவையே. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது, 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்யலாயினர்.

‘காயில் கருகிவிட்டது’ என்னும் சொல்லைக் கேளாத உழவர் இரார். கருகியது யாது? செம்புமன்று, இரும்புமன்று. கம்பிமேல் பூசிய எனாமலும், இரும்புப் பள்ளத்தில் இட்ட தாளும், ஊறிய வார்னிஷுமே முதலில் கெடுகின்றன. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே நின்று மின்சாரத்தைத் தன் வழியே செலுத்துவது இக்காப்புத்தான்.

அதற்குப் பகைவர் இருவர்: வெப்பமும் ஈரமும். ‘பி’ வகைக் காப்பு 130 பாகை வெப்பத்தையும், ‘எப்’ வகைக் காப்பு 155 பாகையையும் தாங்கும். அந்த வரம்புக்கு மேல் ஏறத்தாழப் பத்துப் பாகை கூடினும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும். மின்னழுத்தம் தாழ்ந்த வேளையில் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டாலோ, சில நிமிடங்களிலேயே காயில் கருகக்கூடும்.

அட்டப்பாடியின் மேற்கே மழை மிகுதி. கிழக்கே, ஆனைகட்டிப் பக்கம், குறைவு. மேற்கில் மழைக்காலம் முழுதும் ஓடாதிருக்கும் மோட்டார் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்றதும் விசையைத் தட்டுவது பெரும்பிழை. முதலில் மெக்கர் கருவியால் அளத்தல் வேண்டும். காப்பின் தடை ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் இணைத்தலாகாது. காயில் கட்டும் தொழிலாளர் மோட்டாரைத் திறந்து, மின்விளக்குகளின் மெல்லிய சூட்டில் உலர்த்தி, மீண்டும் அளப்பர். ஆயினும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள பழுதை இச்சோதனை காட்டாது. தீய்ந்த வாடையும், மூன்று பேஸிலும் ஒவ்வாத மின்னோட்டமுமே அதனைக் காட்டும்.

டிரான்ஸ்பார்மரிலும் நோய் இதுவே. அங்கே எண்ணெயும் காப்பாகும். அது மூச்சுவிடும் குழாயிலுள்ள நீலமணிகள் இளஞ்சிவப்பானால், ஈரம் உட்புகும் காலம் வந்ததென்று அறிக. பெரிய டிரான்ஸ்பார்மர்களுள் காப்புக் கெட்டு எழும் வாயுவை உணர்ந்து மணியடிக்கும் கருவியை ஜெர்மானியரான புக்கோல்ஸ் 1921இல் அமைத்தார்.

உழவனின் மோட்டாருக்கு அத்தகைய மணியில்லை. காப்புக் கெட்டு மின்சாரம் மோட்டாரின் உடலில் ஏறின், ஈரநிலத்தில் நின்று அதனைத் தொடுபவர் உயிருக்கே இடர். காயில் மீண்டும் கட்டப் பணம் தேடலாம். உயிரை எங்கே தேடுவது? ஆதலின் நிலத்தொடர்புக் கம்பியைச் செம்மையாக இணைத்து, மழை ஓய்ந்ததும் அளந்து பார்த்த பின்னரே விசையைத் தொடுவோமாக.