கழுத்தில் கயிறும் கழுத்துக்குள் இழையும்



நம் கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு பெண்ணின் கழுத்து வீங்கினால், டாக்டரைத் தேடுவதற்கு முன் மந்திரித்த கயிற்றைத் தேடுகிறவர்கள் இன்னும் நம்மில் உண்டு. அவ்வீக்கம் சாபமுமல்ல, தலைவிதியுமல்ல. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போதாவிட்டால் அது வீங்கும். 1956-ல் இமயமலையடிவாரக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்; கழலை குறைந்தது. எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு குறைந்தது?

இன்னும் கேளுங்கள். அச்சுரப்பியின் உயிரணுக்களில், மயிரிலும் மிக நுண்ணிய சிலியம் என்ற இழையொன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்துச் செய்தியை அணுவுக்கு அறிவிப்பது அதன் வேலை. எலிகளின் தைராய்டில் அவ்விழை உண்டாகாமல் செய்து பார்த்தார்கள். ஹார்மோன் சேரும் நுண்பைகள் ஒழுங்கு கெட்டன. வெளியே கட்டும் கயிறு உள்ளேயிருக்கும் இவ்விழையை எட்டுமா? யோசித்துப் பாருங்கள்!

எல்லாக் கழலையும் உப்பால் தீராது. சில கட்டிகள் புற்றுநோயாகவும் இருக்கும். கயிற்றை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அதற்கு நாம் கொடுக்கும் தவணையேயாகும். ஆகவே, அயோடின் உப்பையே வாங்குங்கள். வீக்கம் கண்டால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். கயிறு கட்டியவன் சோதனைக்கு வரமாட்டான்!