யாரால்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பெற்றோர்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை



வக்கீலைக் கூப்பிட்டால் சட்டம் பேசுவார், இவர் என்ன இங்கிலீஷ் இலக்கணம் பேச வந்திருக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்று படிக்கிறார்கள். பரீட்சையில் அது இரண்டு மார்க். வாழ்க்கையில் அது சில நேரம் ஒரு வீடு, ஒரு வேலை, ஓர் உயிர்.

தமிழில் இதைச் செய்வினை, செயப்பாட்டுவினை என்பார்கள். செய்வினை என்றதும் பில்லி சூனியம் என்று பயப்பட வேண்டாம்! செய்தவனை முன்னால் நிறுத்திப் பேசுவது செய்வினை. "முருகன் கண்ணனை அடித்தான்." செய்யப்பட்டவனை முன்னால் நிறுத்தினால் செயப்பாட்டுவினை. "கண்ணன் முருகனால் அடிக்கப்பட்டான்."

இங்கிலீஷிலும் இதே கதைதான். "முருகன் ஹிட் கண்ணன்" என்பது ஆக்டிவ். "கண்ணன் வாஸ் ஹிட் பை முருகன்" என்பது பாசிவ். அடி வாங்கியவன் முன்னால் வருகிறான், வினைச்சொல்லோடு 'வாஸ்' சேருகிறது, அடித்தவன் 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் போகிறான். மலாயில் 'மெமுக்குல்' என்றால் அடித்தான், 'டிபுக்குல்' என்றால் அடிக்கப்பட்டான். அங்கே 'பை' வேலையைச் செய்வது 'ஓலே'.

இப்போது கவனியுங்கள். "கண்ணன் அடிக்கப்பட்டான்" என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். 'முருகனால்' தேவையில்லை. இலக்கணப்படி வாக்கியம் சரி, டீச்சர் மார்க் போடுவார். ஆனால் முருகன் தப்பித்துவிட்டான்.

பெரிய மனிதர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் தவறுகள் செய்யப்பட்டன என்றுதான் பேசினார். யார் செய்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

அமெரிக்கா தூரம். நம் குளுகோருக்கு வாருங்கள். கம்போங் புவா பாலாவை மறந்திருக்க மாட்டீர்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த நம் மக்களின் கிராமம். "நிலம் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றப்பட்டது" என்றார்கள். யாரால்? ஒப்புதல் கொடுத்தது பழைய மாநில ஆட்சி. நிலம் பெயர் மாறியது 2008 மார்ச்சில், ஆட்சி மாறிய அதே மாதத்தில். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. இன்றும் "மாற்றப்பட்டது, இடிக்கப்பட்டன" என்றுதான் பேசுகிறோம்.

இன்னொரு விதமும் உண்டு. பிள்ளை மங்கைப் போட்டு உடைத்துவிட்டு, "அம்மா, மங்கு உடைஞ்சிருச்சு" என்று சொல்லும். தானாக உடைந்ததுபோல! 2009 ஜனவரியில் குகன் என்ற 22 வயது இளைஞர் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. அதுவும் மங்கு உடைந்த கதைதான். குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிபட்ட காயங்களால் சிறுநீரகம் செயலிழந்தது என்றது. அடிபட்டார் என்றால் அடித்தது யார்? தாயார் வழக்குப் போட்டார். 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் போலீசும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 801,700 வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. போன உயிர் திரும்பவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கடிதம் வந்தால் "படுகிறது, பட்டது" என்று வரும் இடத்தில் எல்லாம் 'யாரால்?' என்று பென்சிலால் எழுதுங்கள். எந்த இலாகா, எந்த அதிகாரி என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வேலை விஷயம். முதலாளி உங்களை நிறுத்தினால் செய்தவர் முதலாளி. ஆனால் "நீயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பார். "நான் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடமே செய்தவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள்! மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். நியாயமில்லாமல் நிறுத்தினால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, போலீஸ் ரிப்போர்ட். "நான் தாக்கப்பட்டேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்னார் என் இடது கையில் கட்டையால் அடித்தார்" என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் சட்டை நிறம், வண்டி எண், சீருடை எண், எது தெரியுமோ அதைச் சொல்லுங்கள். ஆனால் பார்க்காத ஆளின் பெயரை ஊகித்துச் சொல்லக் கூடாது. பொய்ப் புகார் கொடுப்பது குற்றவியல் சட்டத்தின் 182ஆவது பிரிவின்படி குற்றம். மோட்டார் சைக்கிள் காணாமல் போய், எடுத்தவன் யாரென்று தெரியாதபோது "திருடப்பட்டது" என்பதுதான் உண்மை. செயப்பாட்டுவினை கெட்டதில்லை. தெரிந்தவனை மறைக்க அதைப் பயன்படுத்துவதுதான் கெட்டது.

நான்காவது, கையெழுத்து. நீங்கள் தமிழில் சொல்வீர்கள், அவர் மலாயில் தட்டுவார். நீங்கள் "அவன் அடிச்சான்" என்றது அங்கே வெறும் 'டிபுக்குல்' ஆகியிருக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, எழுதிய புகாரை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தால், 112ஆவது பிரிவின்படி நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. "ஐயா, படித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் உரிமை.

இன்று இரவு பிள்ளையின் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பாசிவ் வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லி, "யாரால்டா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளையை நாளைக்கு யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.