கடலடியில் ஓர் அறுவடை



பாசி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, குளத்துப் படியில் காலை வழுக்கச் செய்யும் பசுமைதான். திருமழிசையில் வாழும் எனக்குச் செம்பரம்பாக்கம் ஏரியே அண்மையிலுள்ள பெருநீர். கடலில் உண்ணத்தக்க பாசியும் உண்டு என்பதை என் பேரப்பிள்ளைகள் ஒரு விளையாட்டின் வாயிலாக அறிந்தார்கள்.

ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்பது அதன் பெயர். ஒரு தீவில் குடியேறி, வீடு கட்டி, மரம் நட்டு, அயலாரோடு கூடி வாழ்வதே அவ்விளையாட்டு. நீச்சலுடை அணிந்து மூழ்கினால் கடற்பாசி கிடைக்கும். அதனை அருங்காட்சியகத்திற்கு வழங்கலாம். விற்றுப் பணமும் பெறலாம். எடுக்க எடுக்க அது குறைவதில்லை.

மன்னார் வளைகுடாவில் நிலைமை வேறு. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெண்கள் பல்லாண்டுகளாகப் பாசி எடுத்து வருகின்றனர். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு ஆகியவையே அவர்களுடைய கருவிகள். மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பர். பாறையும் பவளமும் கையைக் கிழிப்பதுண்டு. கஞ்சிப்பாசி என்பது மற்றொரு வகை. கஞ்சி காய்ச்சப் பயன்பட்டதால் அப்பெயர் பெற்றது.

இவ்விரண்டிலிருந்தும் அகர் என்னும் பொருள் கிடைக்கிறது. நோன்புக் காலத்தில் இஸ்லாமிய அன்பர் இல்லங்களில் செய்யப்படும் கடற்பாசி இனிப்பை உங்களுள் பலர் சுவைத்திருப்பீர்கள், அதுவும் அகரே. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்ப்பதற்கும் அது வேண்டும். முன்பு இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினர். வெப்பத்தில் அது உருகிவிடும். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரை ஆய்வாளராகிய தம் கணவருக்குப் பரிந்துரைத்தார். சமையலறையின் அறிவு இவ்வாறு மருத்துவத்திற்குத் துணையாயிற்று.

இனி, நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாசியை அடியோடு பெயர்த்தால் அது மீண்டும் தழைக்காது. பற்றுறுப்பைப் பாறையில் விட்டுவைத்தால் மீண்டும் வளரும். இதனை உணர்ந்த அப்பெண்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என மாதத்தில் 12 நாள்களே கடலில் இறங்குவது. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் 45 நாள் தொழிலையே நிறுத்துவது. இம்முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. 1986-இல் இவ்வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது தடைக்குள்ளாயிற்று. பவளப்பாறை அழியாமல் காத்தல் அரசின் கடமை. அன்றாட உணவுக்கு வழி தேடுதல் அப்பெண்களின் தேவை. இரண்டும் நியாயமே. நாள் எண்ணித் தொழில் செய்யும் அவர்களையும் அக்கடலின் காவலர்களாகக் கொள்வதே தக்கது என்பது என் கருத்து.

விளையாட்டை வெறுக்குமாறு நான் சொல்லவில்லை. பாசியின் பெயரை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது அதுவே. ஆனால் அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் அகர்த் தட்டைக் கையில் ஏந்தும்போது, அதற்குரிய பாசியை மூச்சடக்கிப் பறித்த கையையும், வேரென நிற்கும் பகுதியைப் பறிக்காமல் விட்ட அறிவையும் சேர்த்து எண்ணுங்கள்.