தண்ணித் தொட்டி வெச்சா மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், சூலூரில் வீட்டோடு சேர்ந்த கிரில் பட்டறை நடத்தும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



கறவை மாடு, தையல் மெஷின் என்று கடன் கேட்ட நம் குழுக்களில், இப்போது பிளாஸ்மா கட்டிங் மெஷினுக்கும் கேட்கிறார்கள். சந்தோஷம்தான். நம்ம பக்கத்துக்கு இரும்பு வேலை புதுசு இல்லீங்க. ஜி.டி.நாயுடு பிறந்த கலங்கல், சூலூருக்குப் பக்கத்து ஊருதானே! ஆனால் மெஷின் வாங்கும் முன்னால் நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்க.

ரெண்டு வருசம் முன்னாடி, ஒரு மழை நாள். சாரல் அடிக்குதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு எங்க வீட்டுக்காரர் நாள் பூராவும் ஜி.ஐ. ஷீட் வெட்டினார். ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, நெஞ்சு இறுக்கம். மறுநாள் தானாக விட்டுப்போச்சு. அடுத்த மாதமும் அதே மாதிரி. அப்போதுதான் டாக்டர், "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். ஜி.ஐ. ஷீட்டின் மேல்பூச்சில் இருக்கிற துத்தநாகம் புகையாகி மூச்சில் போனதால் வந்த காய்ச்சல் அது. நான் கசாயம் வெச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தேனுங்க!

பிளாஸ்மா என்பது காற்றையே மின்சாரத்தால் சூடாக்கி இரும்பை வெட்டுவது. சூடு 20,000 டிகிரிக்கு மேல் போகும். இரும்பு உருகும்போது பொடியும் புகையும் பறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் சேர்த்தது. கட்டிங் புகையும் அதே உலோகப் புகைதான். வீட்டோடு பட்டறை இருந்தால், அந்தப் பொடி தொட்டில் துணியிலும் சோத்துப் பானையிலும் போய் உட்காரும்.

அதனால்தான் தண்ணித் தொட்டி மேஜை வைக்கிறோம். கனமான இரும்புத் தகட்டில் தொட்டி, கசியாத வெல்டிங், மேலே குத்துக்கு நிறுத்திய பட்டைகள், அடியில் ஒரு வால்வு. வெட்டும் தகட்டுக்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். தீப்பொறியும் பொடியும் பெரும்பாலும் தண்ணீரிலேயே அடங்கிவிடும். நாலடிக்கு ரெண்டடித் தொட்டியில் நாலு அங்குலம் தண்ணீர் விட்டால் 75 கிலோ கனம். அதுக்கு மேல தகட்டுக் கனமும் சேரும். கால்களைப் பலமாகப் போடுங்கள்.

சரி, தொட்டி வெச்சாச்சு, பயமில்லை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பொடியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. ரெண்டு பக்கம் திறப்பு வேணும், எக்ஸாஸ்ட் ஃபேனும் வேணும். முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. அதோடு, தண்ணீரே கொண்டுவரும் ஆபத்துகளும் இருக்குதுங்க.

முதலாவது, கரண்ட். டார்ச்சில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். தண்ணியும் கரண்ட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மேஜைக்குத் தனி எர்த் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். கிளாம்ப்பை வெட்டும் தகட்டிலேயே மாட்டணும். மெஷின் தண்ணி தெறிக்காத இடத்தில், உயரத்தில் இருக்கட்டும். காய்ந்த பலகை மேல், ரப்பர் ஷூவோடு, காய்ந்த கையுறையோடு நில்லுங்கள். ஈரக் கையோடு டார்ச்சைத் தொடாதீர்கள். நாசில் மாற்றும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, அலுமினியம். உருகிய அலுமினியம் தண்ணீரில் விழுந்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அது தகட்டுக்கு அடியில் தேங்கி, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். "ஒரே ஒரு பீஸ்தான் அக்கா" என்று யார் கேட்டாலும், நம் தொட்டி மேல் அலுமினியம் வேண்டாம். கூலியை விட உயிர் பெரிசு. மூடின பேரலையும் பழைய டேங்க்கையும் வெட்டவே கூடாது.

மூன்றாவது, மண்டி. தொட்டி அடியில் சேரும் கறுப்புச் சேற்றை வாய்க்காலில் விடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெட்டின மண்டியில் குரோமியம் இருக்கும். சாயத்தண்ணியால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? தெளிந்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றுங்கள். மண்டியை மூடி போட்ட டின்னில் சேர்த்து வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

நான்காவது, கொசு. தேங்கின தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு பொரிந்து பறந்துவிடும். வேலை இல்லாத நாளில் தொட்டியை மூடுங்கள். வாரம் ஒரு தடவை வடிகட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போதாது. மெஷின் கையேட்டில் ஆம்பியருக்கு எந்த நம்பர் கறுப்புக் கண்ணாடி சொல்லியிருக்கிறதோ, அதைப் போடுங்கள். நைலான் சேலை பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்தித் துணியும் தோல் ஏப்ரனும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும் நேரத்தில் குழந்தைகள் பட்டறைக்குள் வரக்கூடாது. வீட்டு மின் இணைப்பிலோ தறி இணைப்பிலோ இந்த வேலை செய்யாதீர்கள். மின்வாரியத்தில் கேட்டு, தொழிலுக்கான இணைப்பு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. கடன் விண்ணப்பத்தில் மெஷின் விலையை மட்டும் எழுதாதீர்கள். தொட்டி, எர்த், ஃபேன், கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று தள்ளியதைத்தான் நாங்கள் ஆஸ்பத்திரிச் செலவாகக் கட்டினோம். தவணை கட்ட வேண்டிய கை நல்லா இருந்தால்தானே குழுவும் நல்லா இருக்கும்?

எங்க பட்டறையை யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். வரும்போது செருப்பைக் கழட்டாமல் உள்ளே வாங்க, அங்கே அதுதான் மரியாதை.