சிரிக்க வைத்தவருக்கு ஒரு மரக்கன்று

நகைச்சுவை நடிகர் மறைந்தால் துக்கமும் விசித்திரமாகவே வருகிறது. அவரை நினைத்தால் சிரிப்பு முந்துகிறது, கண்ணீர் பின்தொடர்கிறது. 2021 ஏப்ரல் 17ஆம் நாள் விவேக் காலமான செய்தி எட்டியபோது, அயல் மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் இந்நிலையில்தான் இருந்தோம்.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் ஊழியராக இருந்தவர் அவர். 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். கோப்புகளிடையே காலங் கழிக்கும் நமக்கு அவர் நம்மவராகவே தோன்றியதில் வியப்பில்லை. மூடநம்பிக்கையையும் கையூட்டையும் எள்ளி நகையாடினார், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் போலச் சிரிப்போடு சிந்தனையும் தந்தமையால் ‘சின்னக் கலைவாணர்’ எனப் பெயர் பெற்றார். 2009இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. அப்துல் கலாம் அவர்களின் சொல்லைத் தலைமேற்கொண்டு இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நடச் செய்தார்.

பெருந்தொற்றுக் காலமாயினும் விருகம்பாக்கத்து இல்லத்தில் மக்கள் அஞ்சலி செலுத்தத் திரண்டனர். காவல்துறை மரியாதையுடன் அவர் உடல் எரியூட்டப்பெற்றது. அவர் வாழ்ந்த சாலை 2022இல் அவர் பெயரையே ஏற்றது. ரசிகர்கள் ஊர்தோறும் மரக்கன்று நட்டுத் துக்கம் காத்தனர்.

தொலைவிலிருந்த நமக்கு அவ்வஞ்சலியில் இடம் உண்டா? உண்டு. துக்க வீட்டுக்குச் செல்ல விடுப்பும் வேண்டும், ரயிலும் வேண்டும். கன்று நடவோ காலடி மண் போதும். அது எந்த மாநிலத்து மண்ணாயினும் வேர் பிடிக்கும். ஆனால் நட்டதோடு கடன் தீர்ந்துவிடாது. கோடையிலும் நீர் வார்த்தல் வேண்டும்.